மூளைக் கட்டி திரும்பி வந்ததா, கதிர் பட்ட தழும்பா? பெட் ஸ்கான் இதைச் சொல்லுமா?

வெள்ளவத்தை ரமணன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்) போன வருடம் வலது பக்க மூளையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கிளையோபிளாஸ்டோமா, நான்காம் தரம் என்று வந்தது. பிறகு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்தார்கள், கூடவே டெமொசோலமைட் என்ற புற்றுநோய்க் குளிசை. அது முடிந்து ஏழெட்டு மாதம். ஆள் நன்றாகத்தான் இருந்தார், தானாகவே கடைக்குப் போய் பேப்பர் வாங்கி வருவார். இப்போது எடுத்த எம்ஆர்ஐயில் வெட்டிய இடத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. சனல் பண்ணிக் காட்டிய டொக்டர், “இது கட்டி திரும்பியதாகவும் இருக்கலாம், கதிர் பட்ட இழையம் செத்துப்போனதாகவும் இருக்கலாம். பெட் ஸ்கான் ஒன்று செய்து பார்க்கலாம்” என்றார். வெளியே அடுத்த ஆள் நின்றார், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டில் இரண்டு கட்சி. டொரொன்டோ மச்சான் தினமும் வாட்ஸ்அப்பில் கட்டுரை அனுப்புகிறார்: பெட் செய்தால் புற்றுநோய் எங்கிருந்தாலும் பளிச்சென்று காட்டும், ஏன் இன்னும் யோசிக்கிறீர்கள் என்று. அம்மா மறுபக்கம்: “பிடித்த கரண்ட் போதும், இனி ஊசியிலும் கதிரியக்கமா?” எனக்குத் தெரிய வேண்டியது, இந்த ஸ்கான் உண்மையில் எதைப் பார்க்கிறது? மூளைக்கு அது எவ்வளவு நம்பகம்?

தெஹிவளை சுமதி

தம்பி, மாமாவுக்குச் சுகம் கிடைக்க வேண்டுகிறேன். என் கணவருக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்தபோது பெட் செய்தோம். கழுத்து, நெஞ்சு, வயிறு என்று எங்கெங்கே இருக்கிறது என்பது ஒரே படத்தில் வந்துவிட்டது. மருந்து ஏற்றிய பிறகு மறுபடி எடுத்துப் பார்த்ததில் எல்லாம் அணைந்திருந்தது. அதனால் நான் மச்சான் பக்கம். தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

காமா அக்கா

நான் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறவள். டொக்டர் இல்லை, ஊசி போட்டுப் படம் எடுக்கிற ஆள். ரமணன் தம்பி, சுமதி அக்கா சொன்னது லிம்போமாவுக்கு முழுக்கச் சரி. மூளை வேறு கதை. அங்கே “பெட் செய்யலாமா” என்று மட்டும் கேட்டால் போதாது. “எந்த மருந்தை வைத்து பெட்?” என்று கேட்க வேண்டும். டொக்டரிடம் நீங்கள் கேட்காமல் வந்ததும் இதைத்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன். பெட் இயந்திரம் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. உடம்புக்குள் நாம் அனுப்பிய மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அது காட்டும். உலகம் முழுக்க வழக்கமாகப் போடுவது எஃப்டிஜி. குளுக்கோசின் ஒரு மூலையில் புளோரீன் 18 அணுவைச் செருகினால் அதுதான் எஃப்டிஜி. கலங்கள் அதைச் சீனி என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் படி தாண்டியதும் மேற்கொண்டு எரிக்க முடியாமல் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புற்றுக் கலங்கள் பெரும்பாலும் சீனியை அள்ளித் தின்பதால் அந்த இடம் ஒளிரும். சுமதி அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

ஆனால் உடம்பிலேயே சீனிக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் மூளை. எடையில் இரண்டு வீதம்தான், ஆனால் உடம்பு ஓய்வில் செலவழிக்கிற சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதனால் எஃப்டிஜி போட்டால் நல்ல மூளையே, முக்கியமாக மேலே இருக்கிற சாம்பல் நிறப் பகுதி (மேற்பட்டை), முழுக்க ஒளிரும். அதற்குள் கட்டியைத் தேடுவது வெசாக் இரவில் பெரிய தோரணத்துக்கு நடுவே ஒரு தனி மின்குமிழைத் தேடுகிற மாதிரி. தரம் குறைந்த கட்டி பல நேரம் சுற்றியுள்ள மூளையை விட மங்கலாகவே தெரியும். தரம் கூடிய கட்டி ஒளிரும்தான், ஆனால் பக்கத்து மேற்பட்டையும் அதே அளவு ஒளிர்ந்தால் எதை எதென்று பிரிப்பது?

மாமா விஷயத்தில் இன்னொரு சிக்கல். கதிர் பட்டுச் செத்த இடத்தைத் துப்புரவாக்க அழற்சிக் கலங்கள் ஓடி வரும். அவையும் சீனி தின்னும். ஆகவே எஃப்டிஜியில் அந்த வளையம் ஒளிர்ந்தால் “கட்டிதான்” என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒளிராவிட்டால் “கட்டி இல்லை” என்றும் சொல்ல முடியாது. செலவழித்து, நாள் முழுக்க அலைந்து, வாசலில் டொக்டர் சொன்ன அதே இரண்டு “இருக்கலாம்”களோடு வீட்டுக்கு வர நேரும்.

வெள்ளவத்தை ரமணன்

நன்றி அக்கா. அப்படியென்றால் எம்ஆர்ஐயில் தெரிந்த வெள்ளை வளையம் எதைக் காட்டுகிறது? அதற்கும் ஊசி போட்டார்களே, அதுவும் கதிரியக்கமா? மூளைக்கு என்று வேறு மருந்து இருக்கிறதா?

காமா அக்கா

எம்ஆர்ஐக்குப் போடுவது கடோலினியம். அதில் கதிரியக்கம் கொஞ்சமும் இல்லை. (சிறுநீரகம் நன்றாகப் பழுதானவர்களுக்கு மட்டும் யோசித்துப் போடுவார்கள்.) மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஒரு காவல் இருக்கிறது, கண்டதையும் உள்ளே விடாது. கட்டி அந்தக் காவலை உடைக்கும், கடோலினியம் கசிந்து வெள்ளையாகத் தெரியும். கதிர்ச் சிகிச்சையும் அதே காவலை உடைக்கும், அதே வெள்ளை தெரியும். எம்ஆர்ஐ காட்டுவது காவல் உடைந்ததை. யார் உடைத்தார் என்பது அந்த வெள்ளையில் எழுதியிருக்காது.

மூளைக்கென்று வேறு மருந்து உண்டு. அமினோ அமிலத்தில் கதிரியக்க அணுவைப் பொருத்திய மருந்துகள் அவை. பழையது காபன் 11 மெதியோனின். இப்போது ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், பரவலாக எஃப்ஈடி. அது தைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு வடிவம். எஃப்டோபா என்றும் ஒன்று. பெருகுகிற கட்டிக் கலம் புரதம் கட்ட அமினோ அமிலத்தை இழுக்கும், அதற்கான வாயில்களைத் தன் மேல் கூடுதலாக வைத்திருக்கும். நல்ல மூளை அவ்வளவு இழுக்காது. அதனால் பின்னணி இருட்டாக இருக்கும், கட்டி எடுப்பாகத் தெரியும். இதற்குக் காவல் உடைந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. எம்ஆர்ஐயில் வெள்ளையாகாத கட்டிப் பகுதியைக் கூட இது காட்டுவது அதனால்தான். செத்த இழையம் பொதுவாகக் கொஞ்சமாகத்தான் எடுக்கும்.

2016 இல் ரானோ என்கிற சர்வதேச மூளைக்கட்டி நிபுணர் குழுவும் ஐரோப்பிய நரம்புப் புற்றியல் சங்கமும் சேர்ந்து கிளையோமாவுக்கான (மாமாவுக்கு வந்த கட்டி சேர்ந்த வகை) பெட் பரிந்துரையை வெளியிட்டன. எஃப்டிஜியை விட அமினோ அமில மருந்துகளே மேல் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இதுவும் மந்திரம் இல்லை. தரம் குறைந்த கிளையோமாக்களில் ஒரு பகுதி எஃப்ஈடியை எடுப்பதே இல்லை. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த சிறு கட்டியில் மருந்து எடுப்பு உண்மையை விடக் குறைவாகத் தெரியும். எஃப்டோபாவில் மூளையின் அடியில் உள்ள சில நரம்புக் கலக் கூட்டங்கள் இயல்பாகவே ஒளிரும், கட்டி அதற்குப் பக்கத்தில் என்றால் சிரமம்.

மருதானை மைந்தன்

எல்லாம் வியாபாரம் ஐயா. எங்கள் அப்பாவுக்கு ஒரு தனியார் இடத்தில் எம்ஆர்ஐ, பிறகு சிடி, பிறகு இன்னொரு எம்ஆர்ஐ என்று எடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் “பயொப்சி (துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தால்தான் தெரியும்” என்றார்கள். அதை முதலே சொல்லியிருக்கலாமே? எந்த மருந்து போட்டாலும் கடைசியில் மண்டையைத் திறந்துதான் பார்க்கப் போகிறார்கள் என்றால் நடுவில் இந்தச் செலவு எதற்கு?

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவில் இருந்த ஒரு டொக்டரின் பெயரை எடுத்திருக்கிறேன். தனிப்பட்டவர்களின் பெயர் வேண்டாம். தொடருங்கள்.

பௌதிக சேர்

ஓய்வுபெற்ற உயர்தர வகுப்பு ஆசிரியன். மருத்துவம் தெரியாது, பௌதிகம் கொஞ்சம் தெரியும். மருதானைத் தம்பியின் கேள்விக்கு மருத்துவர் யாராவது பதில் சொல்லட்டும். நான் சொல்ல விரும்புவது, இந்தத் தொழில்நுட்பத்துக்கும் மூளைக் கட்டிக்கும் இடையே உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதை. பலரும் பெட் ஸ்கானைப் பொதுவான புற்றுநோய்க் கருவியாக நினைத்து, மூளைக்கு அதைப் பிறகுதான் பொருத்தினார்கள் என்று எண்ணுகிறார்கள். நடந்தது தலைகீழ்.

1948 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜோர்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர், அயடீன் 131 ஏற்றிய ஒரு சாயத்தை ஊசியில் போட்டு, தலைக்கு வெளியே கருவியைப் பிடித்து, கட்டி எந்தப் பக்கம் என்று தேடினார். சிடி கிடையாது, எம்ஆர்ஐ கிடையாது. 1950களின் தொடக்கத்தில் பொஸ்டனில் மசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கோர்டன் பிரவுனல் என்ற பௌதிகவியலாளரும் வில்லியம் சுவீட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து பொசித்திரன் (நேர் ஏற்றமுள்ள இலத்திரன்) உமிழும் சமதானிகளை (ஐசோடோப்புகளை) பயன்படுத்தினார்கள். தலையின் இரண்டு பக்கமும் இரண்டு கருவிகள், அவ்வளவுதான். தேடியது மூளைக் கட்டியை. இன்றைய பெட்டின் மூதாதை அது.

பௌதிகம் எளிது. அணுக்கருவிலிருந்து வெளிவரும் பொசித்திரன் இழையத்துக்குள் ஒரு மில்லிமீற்றர் அளவு ஓடி, ஓர் இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிகின்றன. பதிலாக, ஒவ்வொன்றும் 511 கிலோ இலத்திரன்வோல்ட் சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய நேர் எதிர்த் திசைகளில் பறக்கின்றன. எதிரெதிரே உள்ள இரண்டு உணரிகள் ஒரே கணத்தில் அடிபட்டால், சம்பவம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் எங்கோ நடந்திருக்க வேண்டும். இப்படிப் பல இலட்சம் கோடுகளைச் சேர்த்துக் கணினி படம் வரைகிறது.

எஃப்டிஜியின் முதல் பயணமும் மூளைக்குத்தான். 1976 ஓகஸ்டில் நியூயோர்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, சிறு விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி குழுவினர் தொண்டர்களுக்கு ஏற்றி மூளையைப் படம் எடுத்தார்கள். 1982 இல் ஜோவானி டி கீரோ, கிளையோமாவின் தரம் கூடக் கூட எஃப்டிஜி எடுப்பும் கூடுகிறது என்று காட்டினார். ஆகவே காமா அக்கா குறை சொல்கிற அதே எஃப்டிஜிதான் ஒரு காலத்தில் இந்தத் துறையைத் திறந்துவிட்டது. அதை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது.

விமானம் என்றதும் இன்னொன்று. புளோரீன் 18 இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) சுமார் 110 நிமிடம். சென்னையில் செய்து கொழும்புக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பறப்பு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் தரச் சோதனை, விமான நிலையக் காத்திருப்பு, சுங்கம், கட்டுநாயக்காவிலிருந்து பாதை நெரிசல் எல்லாம் சேர்ந்து ஐந்தரை மணித்தியாலம் போனால் கையில் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. அதற்கேற்ப எட்டு மடங்கு போட்டு அனுப்பினால் சரி. காபன் 11 இன் அரை ஆயுளோ 20 நிமிடம். இரண்டு மணித்தியாலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. மெதியோனினுக்கு சைக்ளோட்ரோன் (கதிரியக்க அணுவை உண்டாக்கும் இயந்திரம்) அதே கட்டடத்தில், அல்லது பக்கத்துக் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். எந்த ஊரில் எந்த மருந்து கிடைக்கும் என்பதை டொக்டரின் விருப்பத்துக்கு முன்னால் அரை ஆயுள் தீர்மானித்துவிடுகிறது.

தெஹிவளை சுமதி

சேர், பாடம் அருமை. ஆனால் ரமணனின் அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்தக் கதிரியக்கம் உடம்பில் எவ்வளவு நாள் நிற்கும்? எங்கள் வீட்டில் அப்போது சின்னப் பேரன் இருந்தான், நான் அவனைத் தங்கச்சி வீட்டுக்கு ஒரு கிழமை அனுப்பிவிட்டேன்.

காமா அக்கா

ஒரு கிழமை தேவையே இல்லை அக்கா. ஊசி போட்டு 24 மணித்தியாலம் கழிந்தால் பதின்மூன்று அரை ஆயுள் கடந்துவிடும், மிஞ்சுவது எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி அன்றைக்கே சிறுநீரோடு போய்விடும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சலம் கழிக்கச் சொல்வது அதற்குத்தான். அன்று மாலை வரை கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் மடியில், தோளில் அணைத்துக்கொண்டு இருக்காமல் இருந்தால் போதும். பால் கொடுக்கும் தாய் என்றால் முன்னமே எங்களிடம் சொல்லவேண்டும். நோயாளி கர்ப்பமாக இருக்கலாம் என்றால் சொல்லாமல் வரவே கூடாது.

கதிர் அளவு: எஃப்டிஜி ஊசி ஒன்றில் வருவது, போடுகிற அளவைப் பொறுத்து, ஏறக்குறைய 4 முதல் 7 மில்லிசீவெர்ட் (உடம்புக்கு வரும் கதிரை அளக்கும் அலகு). எஃப்ஈடி என்றால் 3 சொச்சம். தலைக்கு எடுக்கும் சிடி சுமார் 2. மண், காற்று, வானம், உணவு என்று எல்லா மனிதருக்கும் இயற்கையில் வருவதே உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4. மாமாவுக்குக் கரண்ட் பிடித்தபோது அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய வழக்கமான அளவு 60 கிரே (இழையம் உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு). இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது, அலகும் வேறு, நோக்கமும் வேறு. ஆனால் அம்மாவின் மனதில் ஊசியும் கரண்டும் ஒரே தட்டில் இருக்கிறது என்றால், அப்படி இல்லை என்று சொல்லுங்கள். ஒன்று கலத்தைக் கொல்வதற்கு, மற்றது பார்ப்பதற்கு.

அன்றைக்கு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்டிஜிக்கு நாலு முதல் ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். சீனி போட்ட தேத்தண்ணீர் கூடாது, இதைத்தான் எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை! ஊசி போட்டபின் மங்கலான அறையில் பேசாமல், போன் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும். மூளை என்ன வேலை செய்கிறதோ அந்தப் பகுதி சீனி இழுக்கும் என்பதால். சீனி வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும், இரத்தத்தில் குளுக்கோசு 200 ஐத் தாண்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா டெக்சாமெதசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டெரொயிட்) எடுக்கிறாரா? அது சீனியை ஏற்றும், படத்தையும் மாற்றும். அமினோ அமில மருந்துகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இரவு வார்ட்

பயிற்சி முடித்து ஒரு நரம்பியல் வார்டில் வேலை செய்கிறேன். காமா அக்காவின் பதிவுகளில் திருத்த எதுவும் இல்லை, சில விஷயம் சேர்க்கிறேன்.

மருதானை அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. பல நேரம் பயொப்சிதான் கடைசி வார்த்தை. ஆனால் மூளையில் ஊசி விடுவது தொடையில் விடுவது போல் அல்ல. கட்டிக்குள்ளேயே ஒரு மூலை செத்தும் இன்னொரு மூலை வேகமாக வளர்ந்தும் இருக்கும். செத்த மூலையிலிருந்து எடுத்தால் ரிப்போர்ட் தவறாக வரும், அறுவையும் வீண். எந்த மூலையில் எடுக்கவேண்டும் என்று பெட் காட்டிக்கொடுத்தால் ஒரே தடவையில் முடியும். பேச்சு, கை கால் அசைவு இருக்கிற இடங்களில் பயொப்சியே முடியாது என்றால் படங்களை மட்டும் நம்பித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஒளிர்வது எல்லாம் புற்றுநோய் இல்லை. நம் பக்கத்தில் இதை முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே சயரோகம் இருக்கிறது. மூளையில் சயரோகக் கட்டி எஃப்டிஜியில் நன்றாக ஒளிரும், எம்ஆர்ஐயிலும் வளையமாகத் தெரியும். சீழ்க் கட்டியும் அப்படித்தான். டொரொன்டோவில் எழுதிய கட்டுரையில் இந்தச் சந்தேகம் இரண்டாம் பக்கத்தில் வரும். கொழும்பில் அது முதல் பக்கத்தில் வரவேண்டும். ரமணன் அண்ணாவின் மாமாவுக்கு இது பொருந்தாது, அவருக்கு ஏற்கனவே இழையம் பரிசோதித்து வருத்தம் உறுதியானது. முதல் தடவையாக வளையத்தைப் பார்க்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எஃப்டிஜி மூளையில் நன்றாக உழைக்கிற இடங்களும் உண்டு. மூளையின் லிம்போமா அதில் கடுமையாக ஒளிரும். எச்ஐவி உள்ளவரின் மூளையில் கட்டி தெரிந்தால், டொக்ஸோபிளாஸ்மா கிருமியா லிம்போமாவா என்று பிரிக்கவும் உதவும். மூளைக்கு வேறெங்கிருந்தோ பரவிய கட்டி என்றால், நுரையீரலிலா வேறிடத்திலா அது தொடங்கியது என்று தேட உடம்பு முழுக்க எடுக்கிற எஃப்டிஜி பெட் மிகவும் பயன். ஒரு எச்சரிக்கை: லிம்போமா சந்தேகம் இருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், பயொப்சிக்கு முன் ஸ்டெரொயிட் தொடங்கக் கூடாது. கட்டி கரைந்து மறைந்துவிடும், பிறகு எதையும் எடுத்துப் பார்க்க இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த டெக்சா குளிசையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வலிப்பு வருகிறவர் என்றால் ஸ்கான் அறையில் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்ட நேரத்தில் வலிப்பு வந்தால் அந்த இடம் கட்டி மாதிரி ஒளிரக்கூடும்.

கல்கிசை கீதா

இடையில் ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு மெனிஞ்சியோமா (மூளை உறையில் வருகிற கட்டி), மண்டையோட்டின் அடியில். எடுத்துவிட்டார்கள், கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்கிறார்கள். இதற்கும் அமினோ அமிலமா?

காமா அக்கா

இல்லை, அதற்கு வேறு சாவி. மெனிஞ்சியோமாக் கலங்களின் மேல் சோமட்டோஸ்டாட்டின் ஏற்பி என்று ஒன்று நிறைய இருக்கும். அதைப் பிடிக்கிற டோட்டாடேட் என்ற மருந்தில் காலியம் 68 ஐப் பொருத்திப் போடுவார்கள். நல்ல மூளை எடுக்கவே எடுக்காது, எலும்புக்குள் புகுந்த மிச்சமும் தெரியும். பிட்யூட்டரி சுரப்பி மட்டும் இயல்பாகவே ஒளிரும். காலியம் 68 இன் அரை ஆயுள் 68 நிமிடம்தான், ஆனால் சைக்ளோட்ரோன் தேவையில்லை. ஜெர்மானியம் 68 அடைத்த ஒரு பெட்டியிலிருந்து தேவைக்குக் கறந்து எடுக்கலாம், அந்தப் பெட்டி மாதக்கணக்கில் உழைக்கும். உங்கள் டொக்டரிடம் “காலியம் டோட்டாடேட்” என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

மருதானை மைந்தன்

இரவு வார்ட் தம்பிக்கு நன்றி, கோபத்தில் எழுதினேன், பதில் விளங்கியது. ஆனால் ஒன்று. அமினோ அமிலம் நல்லது என்கிறீர்கள், அதற்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் யாரால் முடியும்? இங்கேயே, இருக்கிற இயந்திரத்தில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா?

இரவு வார்ட்

இருக்கிறது, நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். அதே எம்ஆர்ஐ இயந்திரத்தில் இரத்த ஓட்டத்தை அளக்கிற பெர்பியூஷன் படம் எடுக்கலாம். வளர்கிற கட்டி புது இரத்தக் குழாய்களைக் கட்டும், இரத்தக் கொள்ளளவு கூடியிருக்கும். செத்த இடத்தில் குறைந்திருக்கும். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று இன்னொன்று, அந்த இடத்தின் இரசாயனத்தைப் பார்க்கும்: கோலின் (கலச் சவ்வின் பொருள்) ஏறி என்ஏஏ (நல்ல நரம்புக் கலங்களின் பொருள்) இறங்கியிருந்தால் கட்டியின் பக்கம், கொழுப்பும் லக்டேட்டும் மட்டும் என்றால் செத்த இழையத்தின் பக்கம். இரண்டும் கலந்து வருவதும் சகஜம். ஏனென்றால் உண்மையிலேயே இரண்டும் கலந்திருக்கும்.

பெட் இல்லாத இடங்களில் பழைய காமா கமராவில் தாலியம் 201 அல்லது டெக்னீசியம் மிபி என்ற கதிரியக்க மருந்து போட்டு ஸ்பெக்ட் (பெட் மாதிரி ஆனால் எளிய ஸ்கான்) எடுப்பதும் உண்டு. தெளிவு குறைவு, சின்னக் கட்டி தப்பிவிடும், ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

ஆள் நன்றாக இருந்தால் ஆறு எட்டுக் கிழமை பொறுத்து எம்ஆர்ஐயை மறுபடி எடுப்பதும் ஒரு வழிதான். கதிர்ச் சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதத்தில் தெரிகிற பொய் வளர்ச்சி பல நேரம் தானாக அடங்கும். மாமா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், ஆனால் கதிர் பட்டுச் சாகிற இழையம் மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்தும் தலைகாட்டும்.

ரமணன் அண்ணா, அடுத்த தடவை டொக்டரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். ஸ்கானில் கட்டி என்று வந்தால் என்ன செய்வீர்கள், செத்த இழையம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் ஸ்கான் வேண்டாம்.

வெள்ளவத்தை ரமணன்

இந்த இழையை அச்செடுத்துக் கொண்டு போனேன் என்றால் நம்புவீர்களா? இந்த முறை மாமாவோடு மாமியும் நானும். டொக்டர் சிரித்தார், ஆனால் உட்கார வைத்துப் பேசினார்.

“எந்த மருந்து?” என்று கேட்டதும், எஃப்டிஜியைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன், உங்கள் மாமாவுக்கு அது பெரிதாக உதவாது, கட்டி இருந்த இடம் மேற்பட்டைக்குப் பக்கத்தில் என்று அவரே சொன்னார். இரண்டு பதில்களும் வேறு வேறுதான். கட்டி என்றால் இன்னொரு அறுவை முடியுமா என்று சேர்ஜனிடம் கேட்பார், அல்லது மருந்தை மாற்றுவார். செத்த இழையம் என்றால் டெக்சாமெதசோன், தேவைப்பட்டால் பெவசிசுமாப் (இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து). அந்த பெவசிசுமாப்பை இப்போதே தொடங்கினால் கசிவு அடைபட்டு எம்ஆர்ஐ நன்றாக வந்தது போல் காட்டும், கட்டி உள்ளே இருந்தாலும் தெரியாமல் போகும், அதனால் முதலில் எது என்று தெரியவேண்டும் என்றார்.

முடிவு: முதலில் இங்கேயே பெர்பியூஷனும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியும். அதில் தெளிவாக வந்தால் அதோடு சரி. இழுபறியாக வந்தால் இந்தியாவில் எஃப்ஈடி அல்லது மெதியோனின் செய்யும் நிலையத்துக்கு அவரே கடிதம் எழுதித் தருவார். பழைய எம்ஆர்ஐ எல்லாவற்றையும், ஃபிலிம் அல்ல, இறுவட்டில் போட்டு வாங்கி வைக்கச் சொன்னார். கரண்ட் பிடித்த பகுதி எது என்று காட்டும் திட்டப் படத்தையும் மகரகமையில் கேட்டு வாங்கச் சொன்னார். புது வளையம் அந்தப் பகுதிக்குள் விழுகிறதா வெளியிலா என்பதே ஒரு தடயமாம்.

அம்மா இப்போது சமாதானம். டொரொன்டோ மச்சான்தான் இன்னும் கட்டுரை அனுப்புகிறார், ஆனால் இப்போது எஃப்ஈடி பற்றி.

ஒரு கடைசிக் கேள்வி அக்கா. இந்தியா போய் ஊசி போட்டால் அடுத்த நாளே விமானத்தில் திரும்பலாமா? விமான நிலையத்தில் ஏதாவது சத்தம் போடுமா?

காமா அக்கா

போடக்கூடும், சிரிக்கிற விஷயம் இல்லை. சில விமான நிலையங்களில் கதிர்வீச்சு உணரிகள் இருக்கின்றன, அணு மருத்துவ ஊசி போட்டவரைக் கண்டால் அலறும். தாலியம் போட்டவர்களுக்கு ஒரு மாதம் வரை கூட அது நடக்கலாம். எஃப்ஈடியிலும் எஃப்டிஜியிலும் இருப்பது புளோரீன் 18, ஒரு நாள் கழிந்தால் அந்தப் பயம் இல்லை. காபன் 11 என்றால் அன்று மாலையே சுத்தம். எப்படியும் என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்று நிலையத்தில் ஒரு கடிதம் வாங்கி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். வலிப்புக் குளிசையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். பெர்பியூஷன் வந்ததும் இங்கேயே எழுதுங்கள் தம்பி.